வெள்ளிக் காசில் ஏறிய தாத்தா

ரோமாபுரியில் வெள்ளிக் காசு அடிக்கும் அதிகாரிகள் மூன்று பேர். அந்த வருஷம் அதில் ஒருவராக ஒபெல்லியஸ் தேர்வானார். வீட்டில் ஒரு முக்காலியை இடம் மாற்றிப் போடக்கூட அதிகாரம் இல்லாத மனிதர். அதனாலேயே காலையில் எழுந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"காசுல என் தாத்தா முகம்தான் வரும். முடிவு பண்ணிட்டேன்."

"பேஷாப் பண்ணுங்க. மறுபக்கம் எங்க தாத்தாவைப் போட்டுடுங்க," என்றாள் மனைவி கமூரியா.

"மறுபக்கம் நாலு குதிரை பூட்டின தேர்."

"தேரை ஓட்ட ஆள் வேணாமா?"

"அதுக்கு வெற்றித் தேவி இருக்கா. உங்க தாத்தா நடந்தே வரட்டும்!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஜெயித்த முதல் சண்டை அது.

தாத்தாவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு வம்சத்து முன்னோர்களும் கூடத்து அலமாரியில் மெழுகு முகங்களாக இருந்தார்கள். விசேஷ நாளில் எட்ட நின்று வணங்குவதோடு சரி. "தாத்தா முகத்தைப் பட்டறைக்கு அனுப்பிடு" என்று மனைவியிடமே சொல்லிவிட்டுப் போனார். அங்கேதான் கோட்டை விட்டார்.

காசு வந்தது. சந்தைக்கும் போனது. ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தார்.

"பாருடி! என் மூக்கு, என் தாடை! உங்க வம்சத்துல இப்படி ஒரு முகம் உண்டா?"

"அது எங்க தாத்தாங்க."

கமூரியா அலமாரியைத் திறந்தாள். ஒபெல்லியஸின் தாத்தாவுக்கு மூக்கு வாய்க்குள் வழிந்து, ஒரு கண் கன்னத்துக்கு இறங்கியிருந்தது.

"குளிருதுன்னு கணப்பை இது பக்கத்துல நகர்த்தினது யாரு?"

அவர்தான்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொன்னா? தாத்தாவை உருக்கினவன்னு ஊரே சிரிக்கும். இப்ப நமக்குள்ள போச்சு. முகம் எங்க தாத்தாவோடது, பேரு உங்க தாத்தாவோடது. பேரை மட்டும் நானே உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்."

ஒபெல்லியஸுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஆயுசில் ஒரு தடவை கிடைக்கிற பதவி. அந்தக் கிழவரின் முகம் இனி உலகத்தில் எங்கேயும் இல்லை. இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கலாம்.

சாயங்காலம் மாமியார் விருந்துக்கு வந்தார். காசை விளக்கருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, உங்க தாத்தாகூட அப்படியே எங்க மாமனார் மாதிரி எவ்வளவு லட்சணமா இருக்கார் மாப்பிள்ளை! அப்புறம் நீங்க மட்டும் யாரைக் கொண்டு இப்படிப் பொறந்தீங்க?"