பொழுது சாய்வதற்குள் ஓர் ஆங்கிலச் சொல்

காலையில் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கற்றுக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் அதை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்று அலைகிற இனம் ஒன்று உண்டு. பஸ்ஸில், பாங்க்கில், கல்யாணப் பந்தியில், ஏன், துக்க வீட்டில்கூட நீங்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

1996-ல் பெங்களூர் மல்லேஸ்வரத்தில், பன்னிரண்டு வீடுகளும் ஒரே ஒரு போர்வெல்லும் கொண்ட ஒரு காம்பவுண்டில், இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதியாக விளங்கியவர் சேஷகிரி. அமெரிக்கா போகிறவர்கள் பரீட்சைக்குப் படிக்கும் தடித்த சொற்பட்டியல் ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்திருந்தார். அமெரிக்கா போகும் உத்தேசமெல்லாம் இல்லை. தினம் ஒரு சொல்லைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அன்றைக்குள் அதை மூன்று இடத்திலாவது பிரயோகித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. எங்கும் நிறைந்தது என்று பொருள்படும் 'யுபிக்விடஸ்' அன்று கீரைக்காரி மாட்டினாள். கேடு விளைவிப்பது என்ற 'டெலிடீரியஸ்' அன்று பல் டாக்டர். வாயைத் திறந்தபடி அவ்வளவு நீளமான சொல்லைச் சொன்ன முதல் நோயாளி இவர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சீட்டில் ஏறிய சொல் 'எக்ஸாஸர்பேட்'. ஏற்கெனவே கெட்டுக் கிடப்பதை மேலும் கெடுப்பது என்று பொருள். சும்மா கெடுத்தால் போதாது, முன்பே கெட்டிருக்க வேண்டும். வயிற்று வலிக்காரர் பஜ்ஜி சாப்பிடுவது, மாமியார் மருமகள் சண்டையில் மகன் நியாயம் பேசப் போவது, இப்படி. அருமையான சொல். ஆனால் எதை வைத்துப் பிரயோகிப்பது? வீட்டில் எல்லாம் நன்றாக இருந்தது. சேஷகிரிக்கு அது பெரிய கவலையாக இருந்தது.

கடவுள் கைவிடவில்லை. எட்டேகாலுக்கு போர்வெல் மோட்டார் எரிந்துபோயிற்று.

சேஷகிரியின் மனைவி சுப்புலக்ஷ்மி காலண்டரைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மகள் வைஷ்ணவிக்கு வளைகாப்பு. ஐம்பது பேர் சாப்பாடு, சம்பந்தி வீட்டார் வேறு. மோட்டார் ரூம் சாவியோ குடியிருப்போர் சங்கச் செயலாளர் சிவசங்கரனிடம் இருந்தது. மாடி வீடுதான், பத்தொன்பது படி. ஆனால் எழுத்தில் வராத புகார் அவர் காதில் ஏறாது, சங்க விதி அப்படி. அவர் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் இல்லைதான். அதை யாரும் எழுத்தில் கொடுக்கவில்லை.

"சார், நீங்களே எழுதிடுங்க. உங்க இங்கிலீஷுக்கு அவரு ஓடி வருவாரு," என்றார் பின் வீட்டு பச்சைமுத்து. மோட்டார் வைண்டிங் கட்டுவதே அவர் தொழில். சாவி கையில் கிடைத்தால் ஒரு பகல் வேலை என்று காத்துக்கொண்டு நின்றார்.

சேஷகிரி எழுதினார். ஒன்றரைப் பக்கம். கோடையின் கொடுமை, நகரம் நாளுக்கு நாள் வீங்குவது, மனிதப் பொறுமையின் எல்லை என்று ஊரெல்லாம் சுற்றி வந்து, மூன்று இடத்தில் எக்ஸாஸர்பேட்டை இறக்கினார். மூன்றாவது இடத்தில் அவருக்கே கண் கலங்கியது.

சிவசங்கரனும் அதே இனம் என்பதைச் சொல்ல மறந்தாயிற்று. கடிதத்தை இரண்டு முறை படித்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு ரசித்து, 'அமீலியரேட்' என்ற சொல்லைக் கொண்டு இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினார். கெட்டதைச் சீராக்குவது என்று பொருள். சீராக்கித் தருவதாகவும் வாக்களித்திருந்தார். எதை என்று மட்டும் எழுதவில்லை. எப்படி எழுதுவார்? சேஷகிரியின் கடிதத்தில் மோட்டார் என்ற பேச்சே இல்லை.

பதிலுக்கு ஒரு பதில். அதற்கும் ஒரு பதில், அதற்கும் ஒன்று. சனிக்கிழமை காலைக்குள் ஐந்து கடிதங்கள் படி ஏறி இறங்கிவிட்டன. பன்னிரண்டு வீட்டிலும் குடங்கள் காலியாகக் கிடந்தன.

"ஏன்னா, அவர் சாவி தராரா, இல்லையா?" என்று கேட்டாள் சுப்புலக்ஷ்மி.

"அதில்லடி, 'பாலியேட்டிவ்'னு ஒரு வார்த்தை போட்டிருக்கார் பாரு, நோயைத் தீர்க்காம வலியை மட்டும் தணிக்கிறதாம். மனுஷன் அதை எங்க பிடிச்சார்னே தெரியலை."

"மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு எழுதினேளா?"

சேஷகிரி கார்பன் காப்பியை எடுத்து மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "அது... அவருக்கே தெரிஞ்சிருக்குமே."

சுப்புலக்ஷ்மிக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதினாள்: 'மோட்டார் எரிந்துவிட்டது. சாவி கொடுங்கள்.' தானே மாடியேறிப் போய் நீட்டினாள். சிவசங்கரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பென்சிலுக்கு அதில் வேலையே இல்லை. வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தார்.

சாயங்காலமே தண்ணீர் வந்தது. வளைகாப்பும் குறைவில்லாமல் நடந்தது. பந்தியில் சேஷகிரியும் சிவசங்கரனும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ரசம் ஓடுவதுகூடத் தெரியாமல் அந்த ஐந்து கடிதங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிரிக்கிறீர்களா? எக்ஸாஸர்பேட் என்று இதற்குள் ஒரு தடவையாவது உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தீர்கள், இல்லையா? நாளைக்கு ஆபீஸில் அதை யாரிடம் அவிழ்த்துவிடுவது என்றுகூட முடிவு செய்திருப்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். எங்காவது ஒரு மூலையில், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.