ஒப்பீட்டு வீட்டின் ஒப்புதல் வாக்குமூலம்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் எழுதிக்கொள்வது. தும்மல் ஒன்று நீங்கலாக இங்கு நான் நலம். நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அந்த நலம் நீடிக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நடுவிலேயே "என்ன மாப்பிள்ளை இது!" என்று ஒரு சத்தம் போடுவீர்கள், நான் அத்தோடு வானிலை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். கடிதத்தில் அந்த வசதி இருவருக்கும் இல்லை.

உங்கள் தங்கை ஐம்பத்து நான்கு வயதில் பட்ட மேற்படிப்பு படிக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டடங்களில் மின்சாரத் தேவையைக் குறைப்பது எப்படி என்பது அவள் ஆராய்ச்சி. அதற்கு அவள் எடுத்துக்கொண்டது எங்கள் அடுக்குமாடியின் உச்சியில் எதிரெதிராக இருக்கும் இரண்டு வீடுகளை. ஒன்று பல் டாக்டர் வீடு, மற்றது எங்களுடையது. ஒரே அளவு, ஒரே வெயில், இரண்டிலும் இரண்டிரண்டு பேர். டாக்டர் வீட்டுக் கூரைமேல் சூடு இறங்காமலிருக்க நுரைப் பலகை பதித்தாள், ஜன்னலுக்கு வெளியே நிழல் தட்டி கட்டினாள், கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினாள். எங்கள் வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. இதற்குப் பெயர் ஒப்பீட்டு வீடாம். இரண்டு வீட்டிலும் மின்சாரத்தை அளக்க ஒரு சின்னப் பெட்டி மாட்டினாள். நேற்று எத்தனை யூனிட் என்று அது காட்டும். நடுவில் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று மூன்று மாதம் முடியும்வரை அவள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்று விரதம். கடைசியில் இரண்டு வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவள் கண்டுபிடிப்பு. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம். எப்பவும் போல இருங்க, போதும்." ஓய்வு பெற்றவனிடம் ஒன்றும் செய்யாதே என்று சொல்வது எவ்வளவு பெரிய வேலை கொடுப்பது என்று அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது?

முதல் மாதம் சும்மாதான் இருந்தேன். கெடுத்தது பல் டாக்டர். தினமும் காலையில் லிஃப்ட் வாசலில் நிற்பார். "சார், நேத்து எங்க வீடு ஒன்பது யூனிட். உங்க வீடு?" பதினாலு என்று சொல்ல நாக்கு கூசும். ஒரு நாள் குடியிருப்புச் செயலாளரும் சேர்ந்துகொண்டு, "ஆராய்ச்சி பண்றவங்க வீட்டுலயே பதினாலா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மின்சாரத்தைக் குறைக்கப் பாடுபடுகிறவள் வீட்டில் புருஷன் பகலெல்லாம் ஏசி போட்டுக்கொண்டு பத்திரிகை படிக்கிறான் என்றால் நாளைக்கு அவள் பட்டம் வாங்கும்போது நாலு பேர் சிரிக்கமாட்டார்களா? 'எப்பவும் போல' என்று அவள் சொன்னது என்மேல் உள்ள இரக்கத்தில் சொன்னது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அவள் ஒன்பது மணிக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினால் ஐந்தரைக்குத்தான் வருவாள், அதுவரை வீடு என் ராஜ்ஜியம், முதலில் ஏசியை நிறுத்தினேன், பதினாலு யூனிட் பன்னிரண்டாயிற்று, அப்புறம் மின்விசிறியையும் நிறுத்தி ஈரப் பனியனோடு உட்கார்ந்தேன், கோடையிலும் வெந்நீரில் குளிக்கிறவன் நான், ஹீட்டரைப் போடாமல் பச்சைத் தண்ணீரில் குளித்துத் தும்மலை வாங்கிக்கொண்டேன், பத்திலிருந்து நாலுவரை ஃபிரிட்ஜை அணைத்ததில் பால் திரிந்துபோய், தடயம் இருக்கக்கூடாதே என்று ஒரு லிட்டரையும் நானே குடித்து, அதன் பலனை அனுபவிக்கக் குளியலறைக்கு ஓடியபோதும் விளக்கைப் போடாமல் வாளி தடுக்கி முழங்கால் வீங்கியது. இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் கால்சட்டையை மெத்தைக்கு அடியில் வைத்து மேலே நான் படுத்துத் தேய்த்தேன். "என்னங்க இது, ஒரு கால்ல மூணு மடிப்பு?" என்று உங்கள் தங்கை கேட்டாள். இப்போதெல்லாம் இதுதான் வழக்கம் என்றேன்.

வெக்கை தாங்காத பகல்களில் தெருமுனை மரச்சாமான் கடைக்குப் போய்விடுவேன். உள்ளே நல்ல குளிர்ச்சி. தினம் ஒரு சோபாவில் உட்கார்ந்து பார்த்து, யோசித்துச் சொல்கிறேன் என்பேன். பத்தாம் நாள் கடைக்காரர், "சார், நீங்க சோபாவை வாங்குறதுக்குள்ள சோபா உங்களை வாங்கிடும் போலிருக்கே" என்றார். வெட்கத்தில் ஒரு முக்காலி வாங்கி வந்தேன். அதை மாடிப்படியில் போட்டுப் பொது விளக்கின் அடியில் பத்திரிகை படித்தேன். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? செயலாளர் வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"இந்த வயசுல விட்டுக்குடுத்துப் போகணும் சார். நான் வேணா மேடம்கிட்ட பேசட்டுமா?"

"எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லீங்க."

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று முதுகைத் தட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கட்டடத்துப் பெண்கள் உங்கள் தங்கையை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அந்தப் பாவமும் என் கணக்கில்தான். ஐந்து மணி அடித்ததும் எல்லாவற்றையும் போட்டு வீட்டைக் குளிரவைத்து, நல்ல பிள்ளையாக நாற்காலியில் இருப்பேன். எங்கள் வீடு எட்டு யூனிட்டுக்கு இறங்கிய அன்று லிஃப்டில் அதைச் சொன்னேன். டாக்டர் லிஃப்ட் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினார். பதவி உயர்வு வந்த நாளில்கூட நான் அப்படி நிமிர்ந்து நடந்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை மூன்று மாதம் முடிந்தது. உங்கள் தங்கை ஆசை ஆசையாகக் கணினியைத் திறந்தாள். திரையில் இரண்டு கோடுகள். டாக்டர் வீட்டுக் கோடு ஒன்பதில் நேராகப் போகிறது. எங்கள் கோடு பதினாலில் தொடங்கி, இரண்டாம் மாதத்திலிருந்து படிப்படியாக இறங்கி, அதற்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

"ஒண்ணுமே செய்யாத வீடு எப்படிங்க குறையும்? நீங்க ஏதாச்சும் மாத்தினீங்களா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "எப்பவும் போலத்தான்" என்றேன். அவள் நம்பிவிட்டாள், மச்சான்.

பெட்டிகளைக் கழற்றிச் சோதித்தாள், கூட்டல் கழித்தலைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள், மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் வழிகாட்டி, எங்கள் மகள் வயதுப் பெண், கெட்டிக்காரி, "காரணம் சொல்ல முடியாத கணக்கை வெச்சுக்கிட்டு வர்ற வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு முன்னால எப்படி நிப்பீங்க மேடம்?" என்று கேட்டுவிட்டாளாம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "அளக்கவே தெரியாதவளுக்கு எதுக்குங்க ஆராய்ச்சி? விட்டுடறேன்" என்றாள். படிப்பிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதிய கடிதம் அவள் கைப்பையில் இருக்கிறது. திங்கட்கிழமை கொடுக்கப் போகிறாள்.

முப்பத்தொரு வருஷம் நான் தராசு ஆய்வாளன். கடைகடையாகப் போய் எடைக்கல்லைச் சோதித்தவன், தட்டில் விரல் வைத்த வியாபாரியைக் கையும் களவுமாகப் பிடித்தவன். கடைசியில் என் பெண்டாட்டி தராசில் நானே விரலை வைத்துவிட்டேன். வேலியே பயிரை மேய்ந்த கதை. அதுவாவது போகட்டும். கல்யாணமான புதிதில் அவள் இதே படிப்பில் சேர்ந்து, என் இடமாற்ற உத்தரவு வந்ததால் பாதியில் நிறுத்திவிட்டுப் பெட்டியைக் கட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இரண்டாம் தடவையும் என்னால் நின்றது என்று இருக்கக்கூடாது.

ஆகையால், கூரியரில் நாளைக்கே வந்து சேரும் இந்தக் கடிதத்தைக் கண்டவுடன் நீங்கள் அவளுக்குப் போன் செய்து, விலகல் கடிதத்தைக் கொடுக்காதே என்று முதலில் சொல்லி, பிறகு பக்குவமாக என் விஷயத்தையும் அவிழ்த்துவிட வேண்டும். அண்ணன் சொன்னால் கேட்பாள். நீங்கள் பேசும் நேரத்தை எனக்குத் தெரிவித்தால் நான் மரச்சாமான் கடையில் இருப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல அளவுகளோடு நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்த,
உங்கள் தங்கை கணவன்.

பி.கு: மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். உறைக்குப் பசை தேடப் போய்த் திரும்பினால், உங்கள் தங்கை மேஜையருகே நின்று இரண்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். முழங்கால் இருந்த இருப்பில் ஓடவும் முடியவில்லை. படித்து முடித்தவள் திட்டவில்லை. "ஃபிரிட்ஜை எந்தத் தேதியிலேர்ந்து அணைச்சீங்க? மணி தெரியுமா?" என்றாள். தெரியாமல் என்ன? எதைத் தொட்டாலும் தேதி, மணியோடு குறித்துவைப்பது உத்தியோகத்தில் ஊறிய பழக்கம்; அத்தனையும் என் சட்டைப்பை நோட்டில் இருக்கிறது. அவள் அலமாரி மேலிருந்து இன்னொரு பெட்டியை இறக்கினாள். அது வீட்டுச் சூட்டைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பதிவு செய்கிறதாம்; டாக்டர் வீட்டிலும் அதுபோல ஒன்று இருக்கிறதாம். கோட்டுக் குழப்பத்தில் அவளே அதைத் திறக்க மறந்திருந்தாள். நான் ஏசியை நிறுத்திய நேரமும் அதில் சூடு ஏறிய நேரமும் அச்சாக ஒத்துப்போயின. "எதிர்வீட்டுல சுகமா இருபத்தாறு டிகிரி, ஒன்பது யூனிட். நீங்க முப்பத்தஞ்சுல வெந்து எட்டு யூனிட். கூரை தோக்கலைங்க!" என்று குதித்தாள். உடனே வழிகாட்டிக்குப் போன். அந்தப் பெண் சிரித்தது எனக்கே கேட்டது. வெயில் இருக்கும்போதே ஆறு வாரம் மறுபடியும் அளக்க வேண்டுமாம், என் நோட்டு தனி அத்தியாயமாம், இந்தக் கடிதம் பின்னிணைப்பாம். படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்பவும். விலகல் கடிதம் கிழிந்தது. இப்போது ஏசி ஓடுகிறது, எனக்குக் குளிர்கிறது, தொட அனுமதி இல்லை.

எல்லாம் முடிந்து ஒன்று கேட்டாள். "கேட்டப்பவே ஏன் சொல்லலை? திட்டுவேன்னு பயமா?"

"அதுவும்தான்."

"வேற என்ன?"

"இந்தத் தடவையும் என்னாலதான் நின்னுதுன்னு நீ நினைச்சுடுவியோன்னு."

என் நோட்டை இழுத்து, தேதி, மணி போட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.