உரிக்க ஒரு தாள்

தேவை ஆய்வுப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. ஏறிப் போக ஐம்பத்திரண்டு படிகள். மின்தூக்கி கட்டடத்தின் மறுபக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தில் அலுவலகம் எதுவும் இல்லை.

மக்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கைப்பேசியைக் கழித்துப் போட்டுவிட்டு, வெறும் ஆசைக்காகப் புதிது வாங்குகிறார்களே என்று அரசுக்கு ஒரு சமயம் கவலை வந்தது. கவலை வந்தால் அரசு சும்மா இருக்குமா? ஒரு படிவம் அச்சடித்தது. அதன்படி, புதுக் கைப்பேசி வேண்டுபவர் பழையதைக் கொண்டுவந்து பரிசோதகரிடம் காட்டி, தேவைச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் எந்தக் கடையிலும் விற்கக் கூடாது.

படிவத்தில் பதினொரு கட்டங்கள். ஒன்பதாவது கட்டம்தான் உயிர்நாடி. "புதிய சாதனம் கோரும் காரணம்: தேவை / ஆசை. பொருந்தாததை அடிக்கவும்." ஆசையை அடிக்காமல் விட்டவருக்குச் சான்றிதழ் கிடையாது.

ஒன்பது ஆண்டுகளில் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஆசையை அடித்திருந்தார்கள். இதை ஆதாரமாகக் கொண்டு, "பொதுமக்களிடையே ஆசை முற்றிலும் ஒழிக்கப்பட்டுவிட்டது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று ஆண்டறிக்கை மேலே போனது. மேலேயிருந்து ஒரு கேடயம் கீழே வந்தது. அது இயக்குநர் அறையில், அவர் தலைக்கு நேர் மேலே மாட்டப்பட்டிருந்தது.

பரிசோதகரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் பொத்தான் சார் என்பார்கள். பன்னிரண்டு வருடமாக ஒரே பொத்தான் கைப்பேசி. பின்மூடி கழன்றுவிடும் என்பதால் ஒரு ரப்பர் வளையம் போட்டிருப்பார். அதில் பெரும்பாலும் அவர் மனைவிதான் பேசுவார்; வரும்போது என்ன வாங்கி வரவேண்டும் என்று சொல்வார். அதற்கு அந்தக் கைப்பேசி தாராளமாகப் போதும்.

அலுவலகப் பதிவேடு போக, மேசை இழுப்பறையில் அவருடைய சொந்த நோட்டு ஒன்று இருந்தது. வருகிற ஒவ்வொருவரும் சொல்லும் காரணத்தை அதில் பென்சிலால் எழுதிக்கொள்வார். உண்மையென்று பட்டால் ஒரு புள்ளி. பொய்யென்று பட்டால் ஒரு பெருக்கல் குறி. போன் மடியில் வைத்தால் சுடுகிறது என்றார் ஒருவர். பாரம் தாங்காமல் தோள் இறங்கிவிட்டது என்றார் இன்னொருவர். தன்னைப் படம் எடுத்தால் நாத்தனார் மாதிரியே விழுகிறது என்று ஒரு அம்மா சொன்னார். எல்லாவற்றையும் பரிசோதகர் பொறுமையாகக் கேட்டு, சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நோட்டில் பெருக்கல் போடுவார். ஒன்பது ஆண்டுகளில் புள்ளிகள் முப்பத்தொன்று. மற்றதெல்லாம் பெருக்கல். அதில் ஐந்து பெருக்கல் இயக்குநருடையது.

இத்தோடு முடிந்திருந்தால் அவர் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் விதி பதினான்கு என்று ஒன்று இருந்தது. வாங்கிய புதுக் கைப்பேசியைப் பெட்டி பிரிக்காமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். பரிசோதகர் முன்னிலையில் பிரித்து, அதன் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் கைமாறாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு.

ஆக, ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் அவர் கண்ணெதிரே பிரிக்கப்பட்டன. மேல்மூடியைப் பிடித்துத் தூக்கினால், அடிப்பெட்டி உடனே கழன்று விழாது. சாவகாசமாக, ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கும். உள்ளே கைப்பேசி படுத்திருக்கும். அதன் கண்ணாடி மேல் மெல்லிய தாள் ஒன்று. தாளின் ஓரத்தில், பிடித்து உரிப்பதற்கென்றே நாக்கு மாதிரி ஒரு துண்டு. அதை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுப்பார்கள். நாலு வினாடி. அந்த நாலு வினாடியில், வாசலிலிருந்து சண்டை போட்டுக்கொண்டே வந்த புருஷனும் பெண்டாட்டியும் வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு முறை ஒரு வழக்கறிஞர்கூடப் பேச்சை நிறுத்தினார்.

கொஞ்சம் நான் உரிக்கட்டுமா என்று கேட்க வேண்டும் என்று பரிசோதகருக்கு நாக்கின் நுனிவரை வரும். யாரிடமும் கேட்டதில்லை. கூச்சம்.

ஓய்வு பெற இன்னும் பத்து மாதம் இருக்கும்போது ஒருநாள் அவர் ஒரு படிவத்தை எடுத்தார். எண் ஆறாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று. அளவுகோல் வைத்து, ஒன்பதாவது கட்டத்தில் 'தேவை' என்ற சொல்லை நேராக அடித்தார். எப்படியும் நிராகரித்துவிடுவார்கள். முறைப்படி கேட்டு, முறைப்படி இல்லையென்று சொல்லிவிட்டால் இந்த அரிப்பு தீர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு.

படிவங்களை வாங்கி வைப்பவர் தட்டச்சு செய்யும் அம்மா. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், மாத்தி அடிச்சிட்டீங்க."

"இல்லம்மா. சரியாத்தான் அடிச்சிருக்கேன்."

"ஆசைன்னு இருக்கே சார். ஆசைப்படறவங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னுதான் உங்களையே இங்க உக்காத்தி வெச்சிருக்கு."

"தெரியும். நிராகரிச்சுடுங்க."

நிராகரிப்பது அவ்வளவு லேசான வேலையாக இல்லை. "ஆசை காரணமாக நிராகரிக்கப்பட்டது" என்று ஒரு முத்திரை ஒன்பது வருடத்துக்கு முன் செய்து வைத்திருந்தார்கள். அலமாரியில் தேடி எடுத்துப் பொட்டலத்தைப் பிரித்தால், உபயோகமே இல்லாமல் ரப்பர் உதிர்ந்து பொடியாகியிருந்தது. முத்திரை இல்லாமல் நிராகரிக்க விதியில் இடமில்லை. படிவம் இயக்குநர் அறைக்குப் போனது. பின்னாலேயே பரிசோதகரும் போக வேண்டியதாயிற்று.

இயக்குநர் படிவத்தைப் பார்த்தார். நிமிர்ந்து கேடயத்தைப் பார்த்தார்.

"ஒழிச்சாச்சுன்னு எழுதி அனுப்பிட்டோம். இப்ப வந்து ஆசைப்படறேன்னா எப்படிங்க? அதுவும் ஆபீஸ் நேரத்துல?"

இயக்குநர் படிவத்தை மேசை மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"வீட்டுல உக்காந்து ஆசைப்பட்டிருந்தா நான் ஏன்னு கேக்கப் போறதில்லை. அது உங்க சொந்த விஷயம்."

படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று பரிசோதகரே கேட்டார். அதற்கு எண் போட்டாயிற்று என்றார் இயக்குநர். எண் போட்ட காகிதத்தைக் கிழிப்பது குற்றம். ஏற்றுக்கொண்டால் விதி மீறல். நிராகரித்தால், ஊரில் ஆசை இருக்கிறது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதாகும். கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். நெடுநேரம் யோசித்து, மிச்சமிருந்த ஒரே வழியை இயக்குநர் கண்டுபிடித்தார். பரிசோதகருக்கு உண்மையாகவே தேவை வந்துவிட்டால் போதும். அவருடைய கைப்பேசி உடைய வேண்டும்.

"அன்னாரது கைப்பேசியைப் பழுது நிலைக்கு உயர்த்துதல் தொடர்பாக" என்று அன்று மாலையே ஆணை தட்டச்சாகிவிட்டது.

முதலில் மேசையிலிருந்து தள்ளினார்கள். பின்மூடி ஒரு பக்கமும் ரப்பர் வளையம் ஒரு பக்கமும் போயின. எடுத்து மாட்டியதும் விளக்கு எரிந்தது. அடுத்து, மூன்றாவது மாடிப் படிக்கட்டின் உச்சியிலிருந்து இயக்குநரே தன் கையால் உருட்டிவிட்டார். ஐம்பத்திரண்டு படிகளில் அது பத்தொன்பது படியில் மட்டும் மோதியது. பரிசோதகர் எண்ணிக்கொண்டிருந்தார். அடியில் போய் நின்றதும் அது மணியடித்தது. தட்டச்சு அம்மா இறங்கி ஓடி எடுத்தார்.

"சார், வீட்டுலேருந்து. வரும்போது ஒரு பல்பு வாங்கிட்டு வரணுமாம்."

"எத்தனை வாட்னு கேளுங்க," என்றார் பரிசோதகர் மேலேயிருந்து.

வெள்ளிக்கிழமை மாலை அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, வாளியை அரக்கு வைத்து மூடி, மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். திங்கட்கிழமை காலை திறந்தார்கள். அன்றைக்கென்று இயக்குநரின் புதுக் கைப்பேசி பத்தரை மணிக்கே சார்ஜ் இறங்கிப் படுத்துவிட்டது. கீழே நிற்கும் ஓட்டுநரிடம் அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தவர், வாளியில் கைவிட்டுப் பொத்தான் கைப்பேசியை எடுத்து, உதறி, எண்ணை அழுத்திப் பேசினார்.

"நல்லா கேக்குதே," என்று சொல்லிவிட்டு மறுபடி தண்ணீரில் போட்டார்.

அதற்கு மேல் உயர்த்த வழி தெரியவில்லை. அரசு சார்பில் செய்யக்கூடிய முயற்சியெல்லாம் செய்தாயிற்று. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, அந்த அம்மா தட்டச்சு செய்தார்:

"பழுதாவது ஒரு சாதனத்தின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகும். மேற்படி கைப்பேசி பன்னிரண்டு ஆண்டுகளாக அக்கடமையைச் செய்யத் தவறியுள்ளது. தன் உரிமையாளருக்குப் புதியது வாங்கும் வாய்ப்பைத் தொடர்ந்து மறுத்து வந்துள்ளது. மூன்று முறை சந்தர்ப்பம் அளித்தும் திருந்தவில்லை. எனவே அது பழுதாகாமை என்னும் கடும் பழுதுக்கு உள்ளாகியிருப்பதாக இதனால் சான்றளிக்கப்படுகிறது."

பரிசோதகர் அதைப் படித்துப் பார்த்துக் கோப்பில் சேர்த்தார். ஒரே ஒரு வேலைதான் பாக்கி. பழைய படிவத்தில் பிழை இருந்ததாக எழுதி, புதிய படிவத்தில் அவர் கையாலேயே ஆசையை அடிக்க வேண்டும்.

பேனாவை வைத்துக்கொண்டு அவர் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருடமாக எத்தனை பேரை மனசுக்குள் பொய்யர் என்று எழுதியிருக்கிறார். அந்த வரிசையில் போய் நிற்பதா?

"ஒரு கோடுதானே சார்," என்றார் தட்டச்சு அம்மா.

அவருக்கு அந்த நாக்குத் துண்டு ஞாபகம் வந்தது. அளவுகோல் கூட வைக்காமல் அடித்துவிட்டார். பிறகு நோட்டை எடுத்து, தன் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் போட்டார். மொத்தம் ஆறாயிரத்து முந்நூற்று எண்பத்திரண்டு.

அடுத்த பத்து நாள் அவர் வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் விட்டார். பிடிமானத்துக்கு வேண்டுமே. என்ன சாஸ்திரம் இது என்று மனைவி கேட்டதற்கு, ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டார்.

பெட்டி வந்தது. பரிசோதகர் தன்னையே பரிசோதிக்க விதி இடம் கொடுக்காததால், இயக்குநரே அன்றைக்குப் பரிசோதகராக உட்கார்ந்தார். பரிசோதகர் மூடியைத் தூக்கினார். அடிப்பெட்டி பெருமூச்சு விட்டு இறங்கியது. கைப்பேசி படுத்திருந்தது. தாள் இருந்தது. நாக்கும் இருந்தது. அவர் கட்டைவிரலை நீட்டினார்.

"எங்க, நம்பர் பார்ப்போம்," என்று இயக்குநர் அதை எடுத்துக்கொண்டார். பின்பக்கம் திருப்பி எண்ணைச் சொன்னார். தட்டச்சு அம்மா எழுதிக்கொண்டார். முன்பக்கம் திருப்பினார். பேச்சு தானாக நின்றது. இயக்குநரின் இரண்டு விரல்கள் நாக்கைப் பிடித்தன. மெதுவாக இழுத்தன. நாலு வினாடி. கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "அருமையா இருக்குங்க," என்று நீட்டினார்.

"ஆமா சார்," என்றார் பரிசோதகர்.

பழையதிலிருந்த சிம் புதியதில் பொருந்தாததால் அவருக்கு வேறு எண் கொடுத்தார்கள். பொத்தான் கைப்பேசி, கடும் பழுதுக்குச் சான்றாக, சிம்மோடு நடைபாதையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. அது பழுதாகவில்லை என்பதுதான் அதன் பழுது. ஆகவே அதை நிரூபிக்க அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை தட்டச்சு அம்மா அதற்கு சார்ஜ் போட்டார்.

செய்தி வெளியே பரவப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஐம்பத்திரண்டு படியிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் சூட்டையும் தோள்வலியையும் சொல்லவில்லை. "சார், என்னுதும் பழுதாகலை," என்றார்கள். உடனே சான்றிதழ் கிடைத்தது. இயக்குநர் ஆறாவது வாங்கினார். இரண்டாவது கேடயம் வந்தது.

ஐந்தாவது மாதம் பரிசோதகர் மறுபடி ஒரு படிவத்தை எடுத்தார். ஒன்பதாவது கட்டத்தில் ஆசையை அளவுகோல் வைத்து நேராக அடித்தார். தட்டச்சு அம்மா வாங்கிப் பார்த்தார்.

"என்ன சார், அதுக்குள்ளயா? என்ன கோளாறு அதுல?"

"தாள் இல்லம்மா."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "போன தடவை என்னோடதை எங்க தம்பி உரிச்சிட்டான் சார்," என்று மெல்லச் சொல்லிவிட்டு எண் போட்டார்.

பரிசோதகர் இடத்துக்குத் திரும்பி நோட்டை எடுத்தார். தான் கடைசியாக எழுதிக் கொடுத்ததை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். தேவை என்றுதான் கொடுத்திருக்கிறார். எத்தனை தடவை துருவிப் பார்த்தும் அதில் பொய்யாக ஒன்றும் தட்டுப்படவில்லை. தோள் இறங்கியவர், மடி சுட்டவர், நாத்தனார் மாதிரி விழுந்த அம்மா எல்லோரும் ஒவ்வொருவராக ஞாபகம் வந்தார்கள். அழிப்பானை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து பெருக்கல்களை அழித்து, ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு புள்ளி வைக்க ஆரம்பித்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டாவதை அழிக்கும்போது மேசை மேலிருந்த அவருடைய புதுக் கைப்பேசி சார்ஜ் இறங்கி அணைந்தது. சிறிது நேரத்தில் நடைபாதையில், கண்ணாடிப் பெட்டிக்குள், பொத்தான் கைப்பேசி மணியடித்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தட்டச்சு அம்மா பார்த்தார். பரிசோதகரும் தலையைத் தூக்கிப் பார்த்தார். அது நிற்கும்வரை அடித்துவிட்டு, மறுபடி அடித்தது.

பதிவேட்டின்படி அது பழுதான கைப்பேசி. யாரும் எடுக்கவில்லை.