மண்டி போட்ட கார்

“நீ படிச்ச காரு கரும்பலகையில ஓடுன காரு. இது ரோட்டுல ஓடுறது, புள்ள. நீ பில்ல மட்டும் எழுது.”

கார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, வண்டியைக் காட்ட வந்த தண்டல் என்னிடம் இப்படிச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் சொன்னவர் அந்த நேரத்தில் தன் காரின் டிக்கியைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு நங்கூரத்தை எடுத்துக்கொண்டிருந்ததால், கோபத்தைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினேன்.

கன்னியாகுமரியிலிருந்து வேதாரண்யம் வரை கடற்கரையோரமாகத் தேடினாலும், காருக்கு நங்கூரம் போட்ட மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கீழக்கரையில் தோணி ஓட்டும் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். ஹேண்ட் பிரேக் என்ற சாதனத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. “கம்பிய இழுத்து வச்சா வண்டி நிக்கும்னு எவன் சொன்னான்? கயிறு கட்டுனாத்தான் நிக்கும்” என்பார். கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் காரைக் காற்றுக்கு முகம் காட்டித்தான் நிறுத்துவார். அப்படி நிறுத்தினால் வண்டி பாதித் தெருவை அடைத்து நிற்கும். பஸ்காரன் ஹாரன் அடித்தால், “காத்து மாறுனதும் எடுக்குறேன், பொறு” என்று பதில் வரும்.

காரின் முன்பக்கம் அவருக்கு அணியம், பின்பக்கம் அமரம். தோணியில் பழகிய சொல் காரிலும் தொடர்ந்தது. “அமரத்துல சத்தம் வருது” என்று ஒரு நாள் சொல்ல, எங்கள் முதலாளி டாஷ்போர்டைக் கழற்றித் தேடியதை நானே பார்த்தேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். ஆட்டோமொபைல் டிப்ளமோ வகுப்பில் ஒரே பெண், மதிப்பெண்ணில் முன்வரிசை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆடு மேய்த்த எங்கள் அய்யா கமுதிச் சந்தையில் மிளகாய் வாங்க வந்தவர்களிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் படிப்பை வைத்து இராமநாதபுரம் பட்டறையில் எனக்குக் கிடைத்தது பில் எழுதும் நாற்காலி. “வண்டிக்கு அடியில பொம்பளப் புள்ள படுத்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாய்ங்க” என்பது முதலாளியின் வாதம்.

தண்டலின் கார், துபாயில் இருக்கும் மகன் சென்னையில் யாரிடமோ வாங்கி அனுப்பிய பழைய வெளிநாட்டு வண்டி. நாலு சக்கரத்துக்கும் மேலே ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் பை. பைக்குள் காற்றை அடைத்து வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஏர் சஸ்பென்ஷன். எங்கள் கடலோர உப்புக்காற்றும் வெயிலும் ரப்பரைச் சும்மா விடுமா? பைகள் வெடித்துக் காற்று கசிய ஆரம்பித்தது. நிறுத்திய கொஞ்ச நேரத்தில் கார் மெதுவாகத் தரையோடு தரையாக உட்கார்ந்துவிடும். எஞ்சினைப் போட்டால் கம்ப்ரசர் முனகும், வண்டி பெருமூச்சு விட்டு எழும். “பாலைவனத்து ஒட்டகம் மாதிரி இருக்கு பாரு” என்று தண்டல் அதை ஊருக்கே பெருமையாகக் காட்டுவார்.

பெருமை உச்சிப்புளி வரைதான் தாங்கும். அதற்குள் இடது பின்பக்கம் இறங்கி டயர் உரச ஆரம்பித்துவிடும், வண்டி வீட்டுக்குத் திரும்பிவிடும். ஆனால் அவர் போக வேண்டியது பாம்பனுக்கு. அங்கே அவர் மனைவியின் தங்கை இருந்தார். அக்காவும் தங்கையும் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தங்கை தேங்காய்ப்பாலில் கிண்டி அனுப்பிய தொதல் அல்வாவை, “இத வச்சு டயருக்குப் பஞ்சர் ஒட்டலாம்” என்று அக்கா போனில் சொல்லிவிட்டார். “நீ என் வாசல்ல வந்து நின்னு மன்னிப்புக் கேட்டாத்தான் இனிப் பேச்சு” என்று தங்கை போனை வைத்துவிட்டார். அக்காவுக்கோ மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ அவரை ஏற்றமாட்டேன் என்று தண்டல் ஒற்றைக்காலில் நின்றார். காரணம் கேட்டால், “அது ஒத்துவராது” என்பதோடு சரி.

ஆக, கார் சரியானால்தான் அக்கா தங்கை சேர முடியும். முதலாளி இரண்டு வழி சொன்னார்: ஒன்று, புதுக் காற்றுப் பைகள் போடுவது. இரண்டு, காற்றையே தூக்கி எறிந்துவிட்டு நாலு பக்கமும் சுருள் ஸ்பிரிங் மாட்டுவது.

“புதுப் பை போட்டா ஒழுகுமா?” என்று கேட்டார் தண்டல்.

“ஒழுகாது, பாய். சொட்டுக் காத்து வெளிய போகாது.”

“அப்ப வேணாம். ஸ்பிரிங் ஒழுகுமா?”

“ஸ்பிரிங் எப்படி பாய் ஒழுகும்? அது இரும்பு.”

“அப்ப அதுவும் வேணாம்.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பில் புத்தகத்தைப் பார்த்தேன். இதே பேச்சு ஒவ்வொரு வாரமும் நடந்தது. எதிரே டீக்கடையில் காற்றுக் கட்சி, சுருள் கட்சி என்று இரண்டு கோஷ்டி உருவாகி, உள்ளாட்சித் தேர்தலுக்குக்கூட இல்லாத சூட்டோடு பேசிக்கொண்டது. தண்டல் இரண்டு கட்சியிலும் டீ குடித்துவிட்டு ஓட்டுப் போடாமல் வீட்டுக்குப் போனார்.

பொறுமை தீர்ந்து அவரே ஒரு வைத்தியம் பார்த்தார். தோணிப் பலகையில் இடுக்கு விட்டால் பஞ்சைத் திணித்துக் குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள் இல்லையா, அதையே இடது பின்பக்கத்துப் பைக்குச் செய்துவிட்டார். இடது பக்கம் எழுந்தது, எழுந்தது, அப்படியே நின்றுவிட்டது. வலது பக்கம் வழக்கம்போல் இறங்கியது. சாய்ந்த தோணிக்குப் பாரம் வைப்பதுபோல் இடது பக்க சீட்டில் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். வண்டி வலது பக்கம் சாய்ந்து வருவதைப் பார்த்து, தங்களைத்தான் எட்டிப் பார்க்கிறார் என்று வழியெல்லாம் நாலைந்து பேர் சலாம் வைத்தார்களாம்.

“என்ன பாய், என்ன கோளாறு?” என்றார் முதலாளி.

“அடைப்பு ரொம்ப நல்லாப் புடிச்சுக்கிருச்சு. கொஞ்சம் ஒழுக விடணும்.”

முதலாளி போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். “நீ போய் அந்த வீட்டம்மாக்கிட்டயாவது பேசிப் பாரு. எந்த வழின்னு அவங்க சொல்லட்டும். இந்த மனுசன்கிட்டப் பேசுனா எனக்குக் கிறுக்குப் புடிச்சிரும்” என்று என்னைத் தண்டலோடு கீழக்கரைக்கு அனுப்பினார். மணல் மூட்டைகளின் மடியில் உட்கார்ந்து போனேன்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் தண்டலின் மனைவி வெளியே வந்தார். சிரித்த முகம், ஒரு கை இடுப்பில். “பாம்பனுக்குத் தயாராயிருச்சா வண்டி?” என்று கேட்டுக்கொண்டே இடது பின்கதவைத் திறந்தார். ஏற முயன்றார். கால் பாதி உயரத்துக்கு மேல் வரவில்லை. மறுபடி முயன்றார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“உசந்திருச்சு, இல்ல?” என்றார் என்னிடம். “முன்னல்லாம் எனக்காகத் தாழ உக்காந்துக்கிரும். கெணத்தடியில விழுந்ததுலருந்து இடுப்பு தூக்க மாட்டேங்குது, மகளே.”

தண்டல் வானத்தில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிய மனைவிக்குக் கால் எழவில்லை என்பதைப் பட்டறையிலும் டீக்கடையிலும் சொல்லமாட்டார். அதற்குப் பதிலாக ஊர் தன்னைக் கிறுக்கன் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். மனிதர் கேட்டது ஓட்டையை அல்ல, மண்டி போடுகிற வண்டியை.

தண்டலோடு திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன். “முன்னாடி ரெண்டு பக்கமும் சுருள் போட்ருவோம், அங்கன ஏறுறது டிரைவர் மட்டும்தான். பின்னாடி புதுக் காத்துப் பை. அதுக்குப் போற குழாயில லாரி பிரேக்குல வர்ற மாதிரி ஒரு திருகு வால்வு. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல வச்சிட்டா, திருகுனா உக்காரும், மூடுனா எந்திரிக்கும்.”

“இதக் கரும்பலகையில படிச்சியாக்கும்?” என்றார் தண்டல்.

“இல்ல. உங்க வீட்டு வாசல்ல படிச்சேன்.”

முதலாளி யோசித்தார். அந்தக் குழாயை எங்கே வெட்டுவது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாததால், கதவைப் பாதி சாத்திவிட்டு என்னை வண்டிக்கு அடியில் அனுப்பினார். நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். நாலுமே ஏர் சஸ்பென்ஷனைப் பற்றித்தான்.

பாம்பனுக்கு நானும் போனேன், வால்வு மக்கர் பண்ணினால் பார்ப்பதற்கு. பாலத்தின் நடுவில் தண்டல் நிறுத்தி நங்கூரம் போடலாமா என்று யோசித்தார். மனைவி பார்த்த பார்வையில் நங்கூரத்துக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்தார். தங்கை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முகம் இறுகிக் கிடந்தது. கார் நின்றது. தண்டல் திருகினார். புஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு. கார் அந்த வாசல் முன்னால் மெதுவாகப் பின்காலை மடக்கி உட்கார்ந்தது.

தங்கை காரைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

“ஏன் லாத்தா, நீ வாய்விட்டுக் கேக்க மாட்டியோ? வண்டிய மண்டி போட வச்சிக் கேக்குறியா?”

“தொதல் இருக்கா?” என்றார் அக்கா.

“இருக்கு. பஞ்சர் ஒட்டவா?”

அவ்வளவுதான். உள்ளே போனவர்கள் சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லும் வரை வெளியே வரவில்லை. நானும் தண்டலும் வாசலில் உட்கார்ந்து தொதல் தின்றோம். உண்மையிலேயே பஞ்சர் ஒட்டலாம்.

இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருக்கிறது, இராமேஸ்வரம் ரோட்டில். தண்டலின் கார் என்னிடம்தான் வருகிறது. அவர் மனைவிக்கு, இப்போது எனக்குப் பெரியம்மா, மதுரையில் இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகி, மாடிப்படி ஏறுகிறார். இருந்தும் தண்டல் நிறுத்துகிற இடத்திலெல்லாம் வண்டியை மண்டி போடவைத்துவிட்டுத்தான் இறங்குகிறார். போன மாதம் பெரியம்மா என்னைத் தனியாக அழைத்துக் காதில் சொன்னார்: “எனக்கு இப்ப எதுவும் வேணாம். அவுகளுக்குத்தான் ரெண்டு முட்டியும் போச்சு. பின்னாடி உக்காந்தா டிரைவர் சீட்டும் கொஞ்சம் தாழுதுல்ல. யாரு கேட்டாலும் எனக்காகன்னே சொல்லு.”

பின்பைகள் மறுபடி வெடித்துவிட்டன. துபாயிலிருந்து மகன் போன் பண்ணினார். “வாப்பாகிட்டக் கேக்க வேணாம். பின்னாடியும் சுருளப் போட்ருங்க. உம்மாவுக்குத்தான் சரியாயிருச்சே” என்றார்.

சரிங்க என்று போனை வைத்தேன். வைத்த கையோடு சென்னைக்குப் பேசி, புதுக் காற்றுப் பைகளுக்குச் சொல்லிவிட்டேன்.