பனியில் விழுந்த கொண்டை

"அப்ப இந்தப் போட்டோவ எடுத்தது யாரு?"

கலையரசி மூன்றாவது முறையாகக் கேட்டாள். தட்சிணாமூர்த்தி காபியை ஊதிக்கொண்டே இருந்தார். அது ஆறிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

முத்தியால்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர் சுவிட்சர்லாந்து போக ஒரு வழிதான் உண்டு: கம்பெனி சொன்ன அளவுக்கு டப்பா விற்க வேண்டும். அவர் விற்றார், கம்பெனி அனுப்பியது. "ஒரு ஆளுக்குத்தான் டிக்கெட்டு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனவர், ஒரு பிலிம் சுருளோடு திரும்பினார். கழுவிப் பார்த்தால், முப்பத்தைந்து படங்களில் மலையும் மாடும். முப்பத்தாறாவதில் அவர் பனியில் நின்று சிரிக்கிறார். அவர் காலடி வரை ஒரு நிழல் நீண்டிருந்தது. நிழலுக்குக் கொண்டை இருந்தது.

"கேமரா தானா எடுத்துச்சு. பட்டன அழுத்திட்டு ஓடியாந்து நின்னுக்கணும்."

"கேமராவுக்குக் கொண்டை இருக்குமா?"

எதிர்வீட்டு வசந்தா தற்செயலாகச் சர்க்கரை வாங்க வந்தாள். அந்த வாரத்தில் அது நான்காவது சர்க்கரை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏர் ஹோஸ்டஸ் கொண்டைக்கா இது. அவங்கதான் இப்பிடித் தூக்கி முடிவாங்க."

சொன்னவள் சர்க்கரையை மறந்துவிட்டுப் போனாள்.

இத்தனைக்கும் மாமியார் செல்வாம்பாள் வாயே திறக்கவில்லை. போன வருஷம் மகள் பிரசவத்துக்குப் பிரான்ஸ் போய்வந்தவர், கடல் தாண்டிய தோஷம் தீர இந்த வருஷம் காசிக்குப் போய்வந்திருந்தார். தெரு முழுக்கக் கங்கா தீர்த்தம் கொடுத்தார். வசந்தாவுக்கு இரண்டே ஸ்பூனில் முழங்கால் வலி போனது. காசிக்குப் போனால் வாய்கூட அடங்கும் போலிருக்கிறதே என்று தெரு வியந்தது.

மறுநாள் தட்சிணாமூர்த்தி புதுப் பதிலோடு வந்தார்.

"இப்பத்தான் ஞாபகம் வருது. கம்பெனி ஆளு ஆதிமூலம்தான் எடுத்தாரு."

செவ்வாய்க்கிழமை ஆதிமூலம் ஆர்டர் எடுக்க வந்தபோது, கலையரசி கடையில் தயாராக நின்றாள். அவர் தலை புது டப்பா மூடிபோலப் பளபளத்தது.

"குல்லா போட்டிருந்தாரு" என்று முணுமுணுத்தார் தட்சிணாமூர்த்தி.

"நான் எங்க சார் வந்தேன்? அப்ப எனக்கு மஞ்சக்காமாலை" என்றார் ஆதிமூலம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கலையரசி பக்கம் திரும்பி, "சுவிஸ் எப்பிடிம்மா இருந்துச்சு? ஒங்க ரெண்டு சீட்டும் பக்கத்துப் பக்கத்துலதான போட்டாங்க?" என்று விசாரித்தார்.

"ரெண்டாவது டிக்கெட்ட நான் கேன்சல் பண்ணிட்டேன்!"

தட்சிணாமூர்த்தி சொன்னது கலையரசியின் காதில் விழவில்லை. அவள் பாதி வழி போயிருந்தாள். வீட்டுக்கு வந்து அவர் பெட்டியைக் கவிழ்த்தாள். இரண்டு கம்பளிக் குல்லாக்கள் விழுந்தன. ஒன்றில் ஒரு கொண்டை ஊசி. முகர்ந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய்.

"ஏர் ஹோஸ்டஸ் இல்லக்கா" என்றாள் வசந்தா, தன் தீர்ப்பைத் தானே திருத்தி. "உள்ளூர்க்காரிதான்."

கலையரசி நாலு புடவையைப் பையில் அடைத்தாள். அவள் அம்மா வீடு நோணாங்குப்பம்.

"நான் போறேன். போனா திரும்ப மாட்டேன்."

"இரு கலை. நீ நெனைக்கிற மாதிரி இல்ல" என்றார் பின்னாலேயே ஓடிவந்திருந்த தட்சிணாமூர்த்தி.

"அப்ப சத்தியம் பண்ணுங்க."

சாமி மாடத்திலிருந்து மாமியாரின் கங்கைச் செம்பை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள்.

"எந்தப் பொம்பளையும் என்கூட வரலன்னு இது மேல கை வெச்சுச் சொல்லுங்க. பொய் சொன்னா கை வெளங்காமப் போயிடும், ஆமா."

வாசலில் அரைத் தெரு சர்க்கரைக் கிண்ணத்தோடு நின்றது.

தட்சிணாமூர்த்தியின் கை செம்புக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. இறங்கவும் இல்லை, விலகவும் இல்லை. கலையரசி பையைத் தோளில் மாட்டினாள்.

பெற்ற மனசு பொறுக்கவில்லை. செல்வாம்பாள் அவிழ்ந்த கொண்டையைத் தூக்கி முடிந்துகொண்டு எழுந்தார்.

"பயப்படாம அடிச்சு சத்தியம் பண்ணுடா மூர்த்தி! அது என்ன கங்கையா? மலை மேல நாம ரெண்டு பேரும் புடிச்சாந்த பனிக்கட்டித் தண்ணிதான!"