மாமனாரின் இருமல்

கை மண்ணைக்கூடக் கழுவாமல் ஜான்சன் வீட்டுக்குள் நுழைந்தான். மறந்து வைத்துவிட்டுப் போன போன் அடித்துக்கொண்டிருந்தது. வியட்நாமிலிருந்து வீடியோ காலில் மனைவி மேரி. அவளுடைய அப்பா ஏசுதாஸைப் புதைத்துவிட்டு வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்த மனிதர் அப்படியே சாய்ந்துவிட்டார். செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் மேரி, பத்து நாள் டிரெயினிங் போய் அன்றோடு மூன்றாம் நாள். பாதியில் திரும்பினால் சூப்பர்வைசர் வேலை கிடையாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். "எம் பொண்ணு ஏரோப்பிளேன்ல போறா" என்று மானாம்பதி பஸ் ஸ்டாப்பில் ஓர் ஆள் விடாமல் சொன்னவர் ஏசுதாஸ். அவருக்காகவாவது அவள் முடித்துவிட்டு வரட்டும் என்று ஜான்சன் முடிவு செய்தான்.

"நைனா இன்னா பண்றாரு?" மேரியின் கண் வீங்கியிருந்தது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"படுத்துக்கினு கீறாரு." அதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் ஏதோ ஓர் ஏரிக்கரையிலிருந்து பேசினாள். நடுவே சிவப்புப் பாலம்.

"நம்ப தென்னேரியில கால்வாசிகூட இல்ல. இதப் பாக்கறதுக்கு டிக்கெட்டாம்! இங்க காபில முட்டைய அடிச்சு ஊத்தறாங்கயா. நைனாகிட்ட சொல்லு, சிரிப்பாரு."

"சொல்றேன்."

"இப்பவே சொல்லு."

ஜான்சன் உள்அறைக்குப் போனான். காலிக் கட்டிலைப் பார்த்து, "மாமா, காபில முட்டை ஊத்தறாங்களாம்" என்றான். சற்று நின்றுவிட்டுத் திரும்பினான். "சிரிக்கிறாரு."

"அவருக்கு ஒரு தொப்பி வாங்கறேன். நீலமா, பச்சையான்னு கேளு."

மறுபடி கட்டிலண்டை போய் வந்தான். "பச்சையாம்."

"எப்பவும் நீலம்னுதான சொல்வாரு?"

"இப்பல்லாம் மனசு மாறிட்டாரு."

மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தேகம் வந்துவிட்டது என்று ஜான்சனுக்கு வேர்த்தது. ஓர் ஓசையாவது கேட்டால்தான் நம்புவாள் என்று பக்கத்து வீட்டு வேதகிரியைக் கூப்பிட்டான். வேதகிரி வாலிபத்தில் கூத்தில் வேஷம் கட்டியவர்.

"உள்ளருந்து ஒரு தபா இருமினா போதும்ணே."

அடுத்த நாள் மேரி ஒரு கிண்ணத்தைக் காட்டினாள். சூப்பில் மிதக்கும் இடியாப்பம், மேலே பச்சிலைகள். "நைனாவுக்குப் பல்லே வேணாம், அப்படியே முழுங்கலாம்" என்றாள். உள்அறையில் வேதகிரி தொடங்கினார். ஒரு தபாவோடு நிற்கவில்லை. கனைத்து, இழுத்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு ராஜா உயிர்விடும் காட்சி மாதிரி இருமித் தீர்த்தார்.

மேரியின் முகம் மாறியது. "இது நல்ல இருமலா தெரியல. நாளிக்கே உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ. எக்ஸ்ரே எடுத்து எனக்கு அனுப்பு."

புதைத்தவருக்கு எங்கே எக்ஸ்ரே எடுப்பது? இருமிய பாவத்துக்கு வேதகிரியே போய்ச் சட்டையைக் கழற்றி நின்றார். படத்தைப் பார்த்த டாக்டர், சளி மாதிரியையும் பரிசோதித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதினார்.

"செத்தவனுக்காக இருமப் போயி எனுக்கு டி.பி. கீதுன்னு கண்டுபிடிச்சிட்டியேபா!" என்று வேதகிரி தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

படம் மேரிக்குப் போனது. உடனே போன் வந்தது.

"டாக்டரு நைனாவப் பத்தி இன்னா சொன்னாரு?"

"இனிமே அவருக்கு ஒண்ணும் ஆவாதுன்னாரு."

மேரி தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, தண்ணீருக்கு நடுவே மலை மலையாக நிற்கும் ஓர் ஊரில் படகில் போனதைச் சொன்னாள். "நைனாகிட்ட சொல்லு" என்றாள். ஜான்சன் எழுந்து கட்டிலண்டை போனான். கேட்பதற்கு யாரும் இல்லாத அறையில் மலையையும் படகையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

டிரெயினிங் முடிந்து மேரி திரும்பும் நாளில் மகள் ஏஞ்சலோடு மீனம்பாக்கத்தில் காத்திருந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் பேசிப் பார்த்தும் வாய் வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஜான்சன் மகள் பக்கம் குனிந்தான்.

"ஏஞ்சலு, தாத்தா பத்தி நீ எதுவும் பேசாத. அப்பாவே அம்மாகிட்ட மெதுவா சொல்றேன்."

எட்டு வயது ஏஞ்சல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும்பா, நீ கல்லறைக்குப் போயிருந்தப்போ நான்தான் போன்ல அழுதுட்டேன், ஆனா நீ தெனமும் சொல்றதக் கேட்டா தாத்தா இன்னும் வூட்லயே கீற மாதிரி கீதாம், அதனால உன்ன நிறுத்த வேணாம்னாங்க."