கோவேறு கழுதைகள் கடல் கடந்த வரலாறு

மனித குலத்தின் வரலாற்றில் மூன்று மகத்தான புறப்பாடுகள் உண்டு. மனிதன் குகையை விட்டு வெளியே வந்தது ஒன்று. நிலாவுக்குப் போனது மற்றொன்று. மூன்றாவது, ஓஹையோ மாநிலத்து ஹார்மன்ஸ்பர்க் கோவேறு கழுதைகள் லிஸ்பனுக்குப் புறப்பட்டது. முதல் இரண்டைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள்.

கோவேறு கழுதைகள் என்பது ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி. ஒரு காலத்தில் அந்த ஊர்க் கால்வாயில் படகிழுத்த ஜீவன்களின் நினைவாக வைத்த பெயர். இந்த ஆட்டத்தில் ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவான். எதிரணியினர் அவன் மேல் விழுவார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று யோசிப்பார்கள். இப்படியே மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். அதில் விளையாட்டு நடப்பது கால் மணி நேரத்துக்கும் குறைவு. மிச்ச நேரம் சிந்தனைக்கும் விளம்பரத்துக்கும் ஒதுக்கப்பட்டது. இவ்வளவு ஆழமான ஆட்டத்தை மற்ற நாட்டார் இத்தனை காலம் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள் என்றால் அது அவர்களுடைய கல்வி முறையின் கோளாறு. அதைச் சரிசெய்யவே அணி நிர்வாகம் அரங்கின் நான்காம் மாடியில் 'உலகப் பரவல் துறை'யைத் தொடங்கியது. சுவரில் பெரிய உலக வரைபடம் மாட்டினார்கள். ஆட்டம் இன்னும் போய்ச் சேராத ஊர்களின் மேல் சிவப்பு ஊசி குத்தினார்கள். வரைபடத்துக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

துறையின் தலைவர் பிரெண்ட் வைட்டேக்கர். இதற்கு முன் நாய் பிஸ்கட்டை உலகமெங்கும் பரப்பியவர். துணைத் தலைவர் மார்லிஸ் ஹூபர். உள்ளூர்க்காரி. துறையில் ஆட்டத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டு அவளை வைத்திருந்தார்கள்.

மார்லிஸின் கணவன் டெல்பர்ட், பிளம்பர். ஹார்மன்ஸ்பர்க் அரங்குக்குள் உட்கார இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. இருக்கைகள் பரம்பரைச் சொத்து. விவாகரத்தில் வீட்டை விட்டுக்கொடுப்பார்கள், பிள்ளைகளைக்கூட வாரத்துக்கு இன்னாரென்று பங்கு போட்டுக்கொள்வார்கள், இருக்கையை மட்டும் விடமாட்டார்கள். மற்றவர்கள் காத்திருப்போர் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு ஆயுளைக் கழிக்க வேண்டியதுதான். டெல்பர்ட் பிறந்த வாரமே அப்பா அவன் பெயரைப் பதிந்துவிட்டார். ஞானஸ்நானம் அதற்கு அப்புறம்தான். அந்த டெல்பர்ட்டுக்குத் தலை நரைத்து, முட்டி வலியும் வந்து, இந்த வசந்தத்தில் ஒருவழியாகத் தகவல் வந்தது: இரண்டு இருக்கைகள், வருடத்துக்கு ஓர் ஆட்டம். அந்த ஓர் ஆட்டம் எது தெரியுமா? பரம வைரிகளான பிளாக்வாட்டர் ஓநாய்களுக்கு எதிரானது. டெல்பர்ட் கார் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். மார்லிஸ் கேட்காததுபோல் இருந்துவிட்டாள்.

அதுவரை அவன் இருந்த இடம் அரங்குக்கு வெளியே, சி பார்க்கிங். டிக்கெட் இல்லாதவர்கள் அங்கே கரியடுப்பு மூட்டிச் சாசேஜ் வாட்டிக்கொண்டு வானொலியில் வர்ணனை கேட்பார்கள். வானொலி கொஞ்சம் பின்தங்கித்தான் பேசும். ஆகவே சுவருக்குள்ளிருந்து இரைச்சல் முதலில் வரும், அதற்கான காரணம் பிறகு வரும். டெல்பர்ட் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் ஆட்டம் 'பார்த்தான்'. சி பார்க்கிங்கில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுப்பை மூட்டியவன், தட்டோடு நிற்கும் கடைசி ஆள் சாப்பிடும்வரை அதை விட்டு நகரக் கூடாது. வந்தவன் ஓநாய்ச் சட்டை போட்டிருந்தாலும் அவன் தட்டிலும் போட்டே ஆக வேண்டும். போடும்போது திட்டிக்கொள்ளலாம்.

ஜூன் மாதக் கூட்டத்தில் பிரெண்ட் எழுந்து நின்றார்.

"ஓநாய்கள் ஆட்டத்த லிஸ்பனுக்கு அனுப்பறோம்."

மார்லிஸ் நிமிர்ந்தாள். "அது இங்க நடக்க வேண்டிய ஆட்டமாச்சே, பிரெண்ட். வருஷம் பூரா ஜனங்க அதுக்குத்தான காத்துக்கிட்டு இருக்காங்க?"

"அதனாலதான் அனுப்பறோம். ஒருத்தர் வீட்டுக்குப் போறப்ப நம்ம வீட்ல இருக்கிறதுலயே நல்லதத்தான கொண்டுபோவோம்?"

"நம்ம வீட்ல இருக்கிறவங்களுக்கு?"

"அவங்க ஏற்கெனவே ரசிகர்கள், மார்லிஸ். ரசிகனுக்கே திருப்பித் திருப்பிக் காட்டினா அதுக்குப் பேரு பரவலா? தேக்கம்."

'தேக்கம்' என்பதை எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அடுத்து, லிஸ்பன் மக்களுக்கு மாதிரிப் படம் ஒன்றைப் போட்டுக்காட்டிக் கருத்துக் கேட்டிருந்த விவரம் விவாதத்துக்கு வந்தது.

"எது ரொம்பப் பிடிச்சிருக்காம்?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"ஆட்டத்த ஒருத்தர் குறிப்பிட்டிருக்கார்."

"என்னன்னு?"

"எப்ப முடியும்னு. மத்த எல்லாருக்கும் பிடிச்சது பார்க்கிங். அந்தப் புகை, அந்தக் கறி. அதனால அதையும் கொண்டுபோறோம்."

சி பார்க்கிங்கின் 'பண்பாட்டுச் சூழலை'க் கடல் கடத்தத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு தனியார் நிறுவனம் வந்து, நான்காம் மாடியிலிருந்து யாரும் எட்டிப் பார்த்திராத அந்தப் பார்க்கிங்கில் படமெடுத்து, அசல் தன்மை மிகுந்த புகை யாருடையது என்று ஆராய்ந்தது. டெல்பர்ட்டுடையது என்று முடிவாயிற்று. அவனுக்குச் 'சூழல் தூதர்' பதவி கிடைத்தது.

வீட்டில் சொல்ல வேண்டியவள் மார்லிஸ்தான். டெல்பர்ட் கொல்லைப்புறத்தில் கரியடுப்பருகே நின்றிருந்தான்.

"டெல், ஓநாய்கள் ஆட்டம் இங்க இல்ல. லிஸ்பன்ல."

"அவ்ளோதான? யங்ஸ்டவுன் தாண்டினா லிஸ்பன். காலைல கிளம்பினா போயிரலாம்."

"ஓஹையோ லிஸ்பன் இல்ல, டெல். போர்ச்சுகல்."

அவன் இடுக்கியைக் கீழே வைத்தான். "அப்ப நம்ம டிக்கெட்டு?"

"அதுக்குப் பதிலா தொப்பி குடுக்கறாங்க."

"ரெண்டா?"

"ஒண்ணு." அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உன்ன லிஸ்பனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. வெளிய அடுப்பு மூட்டணுமாம்."

"உள்ள?"

"தூதருங்க வெளியதான் இருக்கணுமாம்."

டெல்பர்ட் ஒவ்வொரு சாசேஜாக நிதானமாகப் புரட்டிப் போட்டான். கடைசியில், "பிளேன்ல கரி கொண்டுபோக விடுவாங்களா?" என்று மட்டும் கேட்டான்.

லிஸ்பனில் நிகழ்ந்தது வரலாறு. அரங்கு நிரம்பியது, எல்லோருக்கும் இலவசத் தொப்பி. கழுதைகள் ஓடினார்கள், ஓநாய்கள் மேலே விழுந்தார்கள், எல்லோரும் எழுந்து நின்று யோசித்தார்கள். பிரெண்டும் மார்லிஸும் அரங்கின் மேலேயிருந்த கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். காற்று அரங்கின் பக்கம் திரும்பியது. டெல்பர்ட்டின் புகை உள்ளே வந்தது. ஜனங்கள் மூக்கை உயர்த்தினார்கள். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள்.

"பார்த்தீங்களா, எழுந்து நின்னு மரியாதை பண்றாங்க," என்றார் பிரெண்ட்.

இடைவேளைக்குள் பாதி அரங்கு பார்க்கிங்கில் இருந்தது. மார்லிஸ் தன் கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இறங்கி ஓடினாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அடுப்பருகே போனாள்.

"இதப் போட்டுக்க. உள்ள இடம் காலியாத்தான் கிடக்கு. போ, டெல்."

அவன் அட்டையை வாங்கினான். கழுத்தில் மாட்டியும்விட்டான். அரங்கின் வாசல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அப்போது தட்டோடு நின்ற ஒரு லிஸ்பன்காரர், "ஆட்டம் எப்பங்க ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

"பாதி முடிஞ்சிருச்சே."

"அடடா. ஒத்திகை பார்க்கறாங்கன்னுல்ல நினைச்சேன். சரி, எனக்கு நல்லாக் கருகினதா ரெண்டு."

டெல்பர்ட் வரிசையைப் பார்த்தான். அது சாலை முனை வரை போய் வளைந்திருந்தது.

"விட்டுட்டுப் போ, டெல். இது ஒண்ணும் சி பார்க்கிங் இல்ல," என்றாள் மார்லிஸ்.

"அடுப்ப மூட்டினது நான்தான, மார்லி?" என்று சொல்லிவிட்டு அவன் இடுக்கியை எடுத்தான்.

உள்ளே ஒருமுறை இரைச்சல் எழுந்தது. டெல்பர்ட் பழக்க தோஷத்தில் காரணத்துக்காகக் காத்திருந்தான். வானொலி இல்லை, காரணம் வரவேயில்லை. மார்லிஸ் மேலே போகவில்லை. அவன் பக்கத்தில் நின்று ரொட்டியைப் பிளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசித் தட்டுக்குப் போட்டு முடிக்கவும் ஆட்டம் முடியவும் சரியாக இருந்தது. கேமராவோடு வந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி டெல்பர்ட்டிடம் மைக்கை நீட்டினாள்.

"இந்த ஆட்டத்த அரங்குக்குள்ள உக்காந்து பார்த்திருக்கீங்களா?"

"இல்லம்மா. ஒரு தடவகூட இல்ல."

"பார்க்க ஆசையா?"

டெல்பர்ட் பதில் சொல்ல வாயைத் திறந்தான். புகை கண்ணில் பட்டதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் நான்காம் மாடியில் வெற்றி அறிக்கை வாசிக்கப்பட்டது. அரங்கு பாதியில் காலியானது, 'ரசிகர்களின் சுறுசுறுப்பான நடமாட்டம்' என்று பதிவாயிற்று. பிறகு பிரெண்ட் விளக்கை அணைக்கச் சொல்லிப் படத்தைப் போட்டார். லிஸ்பன் நிறுவனம் அதற்குப் போர்த்துகீசியக் குரல் சேர்த்து, கீழே எழுத்தும் போட்டு அனுப்பியிருந்தது. திரையில் இலவசத் தொப்பி அணிந்த ஒரு மனிதன் போர்த்துகீசியத்தில், ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றான். பிறகு கண்ணைத் துடைத்தான்.

"இங்க நிறுத்துங்க," என்றார் பிரெண்ட். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கண்ணப் பாருங்க. நாம கடல் தாண்டினதே இந்த மனுஷனுக்காகத்தான். இவர் யாருன்னு கண்டுபிடிங்க. உடனே ஒரு டிக்கெட் அனுப்புங்க."

"அவர்கிட்ட டிக்கெட் இருக்கு, பிரெண்ட்," என்றாள் மார்லிஸ். "பொறந்ததுலேர்ந்து காத்திருந்து வாங்கினது. ஆட்டத்ததான் நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க. அவர் என் வீட்டுக்காரர். இந்த ஊரு."

விளக்கைப் போட்டார்கள். பிரெண்ட் வைட்டேக்கர் தயங்குகிற ஆள் இல்லை. எழுந்து வரைபடத்தின் அருகே போனார். ஓஹையோவைக் கொஞ்ச நேரம் தேடினார். கிடைத்ததும், தாம் நின்றுகொண்டிருந்த ஊரின் மேலேயே ஒரு சிவப்பு ஊசியைக் குத்தினார்.